காய்ச்சலுக்கும் பாய்ச்சலுக்கும் நடுவே ஓரடிக் குழாய்

நெல்லுக்குத் தண்ணீர் குறைப்பதைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் ஒரு கேள்வி வந்து நிற்கும்: "காய்ச்சலும் பாய்ச்சலும் நம் பாட்டன் காலத்திலேயே இருந்ததுதானே, இதற்கு எதற்கு ஆராய்ச்சி?" எளிதில் ஒதுக்கிவிட முடியாத கேள்வி இது. வயலைக் காயவிட்டு, பிறகு பாய்ச்சுவது என்ற எண்ணத்தை எந்த ஆய்வகமும் கண்டுபிடிக்கவில்லை. தமிழில் அதற்கு எதுகையோடு ஒரு பெயரே இருக்கிறது. ஆனால் அதே ஊரில், தண்ணீர் வந்த அன்று வரப்பு முட்ட நிறுத்தி வைக்கும் வழக்கமும் இருக்கிறது. தெரிந்த ஒன்றை ஏன் செய்வதில்லை? தெரியாமை, சோம்பல், பழக்கம் என்று மூன்று பதில்கள் சட்டென்று வரும். மூன்றுமே போதாது என்பது என் எண்ணம். விடாமல் உறுத்திய இந்தக் கேள்விக்கு ஓரளவு நிறைவான பதில், ஒரு அடி நீளமுள்ள பிளாஸ்டிக் குழாய் ஒன்று எப்படி நெல் வயல்களுக்குள் வந்தது என்பதில் இருக்கிறது.

நம் சொல்லில் இல்லாதது அளவு. காயவிடலாம் சரி, எவ்வளவு காயலாம்? தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை நெடுநாளாக இருப்பதுதான்: கட்டிய தண்ணீர் மறைந்து ஒரு நாள் கழித்து மறுபடி 5 செ.மீ. கட்டு. ஒற்றை நாற்று நடவு முறை வந்தபோது அது, மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரிந்ததும் 2.5 செ.மீ. பாய்ச்சு என்றானது. இரண்டும் நல்ல அறிவுரைகள்தான், ஆனால் இரண்டுமே மேல்மண்ணைப் பார்த்துச் சொல்பவை. பயிர் குடிப்பதோ கீழே. காவிரியின் பழைய டெல்டாவில் உள்ள கனத்த களிமண்ணில் வெடிப்பு சீக்கிரம் தெரியும். அப்போது நாலு விரல் கீழே மண் இன்னும் சொதசொதவென்று இருக்கும். கல்லணைக் கால்வாய் பாயும் புது டெல்டாவின் மணல் கலந்த நிலத்தில் வெடிப்பே தெரியாது. கண்ணுக்குத் தெரியும்படி ஏதாவது நடக்கும்போது வேர் ஏற்கெனவே தவித்துக்கொண்டிருக்கும். களிமண்ணில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வெடிப்பு மயிரிழையைத் தாண்டி விரல் நுழையும் அளவுக்குப் போய்விட்டால், அடுத்த பாய்ச்சலின் தண்ணீர் வயலில் பரவாமல் வெடிப்பு வழியாக நேரே கீழே இறங்கிவிடும். மிச்சம் பிடித்ததாக நினைத்ததெல்லாம் அந்த ஒரே பாய்ச்சலில் போய்விடும். ஆகவே கண்ணை மட்டும் நம்பிக் காயவிடப் பயப்படுகிற விவசாயியைப் பிற்போக்கானவர் என்று சொல்வது அநியாயம். அவருடைய பயத்துக்கு மண்ணிலேயே காரணம் இருக்கிறது.

குழாய் எங்கிருந்து வந்தது

பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் மண்ணின் ஈரத்தை அளக்க டென்ஷியோமீட்டர் இருந்தது. வேர் மண்ணிலிருந்து தண்ணீரை எவ்வளவு இழுவையோடு எடுக்க வேண்டியிருக்கிறது என்று அது சொல்லும். நுணுக்கமான கருவி. பீங்கான் முனை உடையும், உள்ளே காற்று புகுந்தால் அளவு பொய்யாகும், வாராவாரம் தண்ணீர் நிரப்ப வேண்டும். ஆய்வுத் திடலில் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு பம்பை நம்பிப் பல குடும்பங்கள் பயிர் செய்யும் இடத்தில் அது நடக்காது. 1997இல் தொடங்கிய பாசன நெல் ஆராய்ச்சிக் கூட்டமைப்பு, இந்த நிலையத்தையும் அந்தந்த நாட்டு ஆராய்ச்சி நிறுவனங்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்தது. 2002 வாக்கில் பிலிப்பைன்ஸின் தார்லாக் மாகாணத்தில், ஆழ்துளைக் கிணற்றுப் பம்பைப் பங்கிட்டுக்கொண்ட விவசாயிகளின் நிலத்திலேயே சோதனை தொடங்கியது. அந்த நாட்டின் நெல் ஆராய்ச்சி நிறுவனமும் தேசியப் பாசன நிர்வாகமும் கூட இருந்தன. தம் நிலத்தில் ஒரு பகுதியை வழக்கப்படி வைத்து, பக்கத்துப் பகுதியில் காய்ச்சலும் பாய்ச்சலும் செய்து ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் விவசாயிகளே.

இந்த முயற்சியின் திருப்பம் இங்கேதான் என்று நினைக்கிறேன். ஆய்வாளர் கேட்ட கேள்வி "மண்ணின் இழுவிசை எவ்வளவு?" விவசாயிக்கு வேண்டியிருந்த பதில் "இன்று பம்பைப் போடட்டுமா, வேண்டாமா?" இந்த இரண்டையும் ஒட்டவைப்பதற்கு வயலிலேயே ஒரு சின்னக் கிணறு போதும் என்றானது. சேறடித்த வயலில், உழவடிக்குக் கீழே இறுகிய மண் தட்டு ஒன்று இருக்கும். அதற்கு மேலே தேங்கி நிற்கும் தண்ணீர் மேல்மண் காய்ந்த பிறகும் சில நாள் இருக்கும். வேர் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரை பயிருக்குக் குறை இல்லை. ஓட்டை போட்ட குழாயை இறக்கினால் அந்தத் தண்ணீர் மட்டத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். மண் மட்டத்திலிருந்து 15 செ.மீ. கீழே போகும் வரை பொறுக்கலாம் என்ற எல்லை அப்படித்தான் நிலைத்தது. இந்த எண்ணுக்கு எடை உண்டு. 2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 56 ஆய்வுகளின் 528 ஒப்பீடுகளை எடுத்துப் பார்த்தது. 15 செ.மீ. எல்லையைத் தாண்டாத மிதமான காய்ச்சலில் விளைச்சல் குறிப்பிடும்படி குறையவில்லை, தண்ணீர் சுமார் 23% குறைந்தது. எல்லை மீறிக் காய வைத்த வயல்களில் விளைச்சல் 22%க்கு மேல் விழுந்தது. பாட்டன் சொல்லும் சரி, பேரனின் பயமும் சரி என்பதை இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது.

செய்வதும் பதிப்பதும்

நாலு அங்குல பிவிசி குழாயில் 30 செ.மீ. துண்டு வெட்டிக்கொள்ள வேண்டும். மூங்கிலிலும் செய்யலாம், கணுவை உள்ளே குடைந்துவிட வேண்டும், அவ்வளவுதான். குழாய் ரொம்பச் சிறுத்துப்போனால் உள்ளே விழும் மண்ணைக் கை விட்டு எடுக்க முடியாது. நாலு அங்குலம் என்பதற்குக் காரணம் அதுதான். கீழ்ப்பாதி 15 செ.மீ.க்குச் சுற்றிலும் 5 மி.மீ. அளவில் ஓட்டைகள், ஒன்றுக்கொன்று 2 செ.மீ. இடைவெளியில். டிரில்லிங் மிஷின் இல்லாவிட்டால் பழுக்கக் காய்ச்சிய கம்பி போதும். மேல்பாதியில் ஓட்டை கூடாது. இருந்தால் வயலில் நிற்கும் சேற்றுத் தண்ணீர் நேரே உள்ளே புகுந்து குழாயைத் தூர்த்துவிடும். உள்பக்கம் அழியாத மையால் செ.மீ. குறித்துவிட்டால் தினம் அளவுகோல் தேட வேண்டாம்.

நடவு முடிந்து ஒரு வாரம் பத்து நாளுக்குள் பதிப்பது நல்லது. சேறு இளகியிருக்கும்போது சுலபமாக இறங்கும். ஓட்டை உள்ள 15 செ.மீ. மண்ணுக்குள், மீதி 15 செ.மீ. வெளியே. இறக்கும்போது கீழே உள்ள இறுகிய தட்டைக் குத்தி உடைத்துவிடக் கூடாது. உடைந்தால் அந்த இடத்தில் தண்ணீர் கீழே வடிந்து, வயல் முழுக்க வறண்டுவிட்டதாகக் குழாய் பொய் சொல்லும். பதித்ததும் குழாய்க்குள் இருக்கும் மண்ணை அடி வரை அள்ளி எடுக்க வேண்டும். இதை மறப்பவர்களே அதிகம். பிறகு வயலில் தண்ணீர் நிற்கும்போது குழாய்க்குள்ளும் வெளியும் மட்டம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில மணி நேரம் கழித்தும் ஒன்றாகவில்லை என்றால் ஓட்டைகள் சேற்றால் அடைபட்டிருக்கின்றன. பிடுங்கிக் கழுவி மறுபடி பதிக்க வேண்டியதுதான். இடம் தேர்வதில் இரண்டு எச்சரிக்கை: வரப்பை ஒட்டி வைக்கக் கூடாது, ஏனென்றால் நண்டு வளையும் எலி வளையும் அங்கேதான் தண்ணீரைக் கசியவிடும், வயலின் பள்ளத்திலும் வைக்கக் கூடாது. வயலின் நடுத்தரமான மட்டம் எதுவோ அங்கே, வரப்பிலிருந்து கொஞ்சம் எட்டி உள்ளே, தினம் போய்ப் பார்க்க வசதியான இடத்தில்.

நட்ட முதல் இரண்டு வாரம் காய்ச்சல் வேண்டாம். நாற்று வேர் பிடிக்க வேண்டும், களையும் அடங்க வேண்டும். இந்த நாட்களில் தண்ணீர் நிற்பதுதான் களைக்கு முதல் மருந்து. களை அதிகம் உள்ள வயலென்றால் இன்னும் ஒரு வாரம் தள்ளலாம். அதன் பிறகு 5 செ.மீ. கட்டி, வடிய விட்டு, குழாயில் மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. தொட்டதும் மறுபடி 5 செ.மீ. இதற்கு எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. மண்ணையும் வெயிலையும் பொறுத்து நாள் மாறும். நாள் எண்ணிக்கை மண்ணுக்கு மண் பொய்த்துப்போவதால்தான் குழாயே தேவைப்பட்டது. பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்து ஒரு வாரம் வரை, காயவிடவே கூடாது. 5 செ.மீ. குறையாமல் நிறுத்த வேண்டும். அந்த இரண்டு வாரத்தில் ஈரம் குறைந்தால் மணி பதராகும், பிறகு எவ்வளவு பாய்ச்சினாலும் திரும்பாது. பால் பிடித்த பிறகு பழையபடி காயவிடலாம். அறுவடைக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பு தண்ணீரை நிறுத்துவது எப்போதும் உள்ளதுதான்.

யூரியா விஷயத்தில் இந்த முறை ஒரு ஒழுங்கைக் கேட்கிறது. காய்வதும் நனைவதுமாக இருக்கும் மண்ணில் தழைச்சத்து நைட்ரேட்டாக மாறி, மறுபடி தண்ணீர் கட்டியதும் வாயுவாகப் பறந்துவிடும். அதனால் மேலுரத்தை, தண்ணீர் வடிந்து பாய்ச்சலுக்குத் தயாரான மண்ணில் போட்டு, உடனே தண்ணீர் கட்ட வேண்டும். உரம் தண்ணீரோடு கீழே இறங்கி வேரருகே தங்கும். நிற்கும் தண்ணீரில் தூவிவிட்டு மறுநாளிலிருந்து காயவிடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

மட்டம் சரியில்லாத வயலில் இது எதுவும் வேலை செய்யாது. ஒரு மூலை 8 செ.மீ. மேடாக இருந்தால், 5 செ.மீ. பாய்ச்சல் அங்கே ஏறவே ஏறாது. குழாய் 15 செ.மீ. காட்டும்போது மேட்டில் பயிர் சுருண்டிருக்கும், பள்ளத்தில் தண்ணீர் நின்றுகொண்டிருக்கும். அப்புறம் "இந்த முறையால் விளைச்சல் போச்சு" என்ற பேச்சு எழும்; குற்றம் பரம்படித்ததில் இருந்திருக்கும். உவர் நிலத்திலும் கடலோரக் கடைமடையிலும் இதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வராது. நிற்கும் தண்ணீர்தான் அங்கே உப்பைக் கீழே அழுத்தி வைத்திருக்கிறது; காயவிட்டால் உப்பு வேருக்கு ஏறும்.

யாருக்கு மிச்சம்

ஒரு ஏக்கரில் 5 செ.மீ. என்றால் சுமார் 2 லட்சம் லிட்டர். நொடிக்கு 10 லிட்டர் தள்ளும் பம்புக்கு அது ஐந்தரை மணி நேர ஓட்டம். ஒரு பருவத்தில் நான்கு பாய்ச்சல் குறைந்தால் 8 லட்சம் லிட்டர், இருபத்திரண்டு மணி நேரம். கணக்கு கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இருபத்திரண்டு மணி நேரம் யாருடைய பையில் விழுகிறது? தார்லாக்கில் எரிபொருள் செலவை விவசாயிகளே ஏற்றார்கள். ஓடாத பம்பு அவர்களுக்கே மிச்சம். அதனால் அங்கே இது பிடித்துக்கொண்டது. வங்கதேசத்தில் குழாய் 'பானி பைப்' என்ற பெயரோடு பரவியபோது வேறொரு பாடம் கிடைத்தது. அங்கே பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்றுக்காரருக்குப் பருவத்துக்கு நிலப்பரப்பின்படி இவ்வளவு என்று பணமோ, விளைச்சலில் நாலில் ஒரு பங்கோ கொடுப்பது வழக்கம். விவசாயி தண்ணீரைக் குறைத்தால் மிச்சம் பம்புக்காரருக்கு, விளைச்சல் குறையும் அபாயம் மட்டும் விவசாயிக்கு. இதே காய்ச்சலும் பாய்ச்சலும், வங்கதேசத்தின் வடமேற்கில் உள்ள பரிந்த் பகுதியில் அரசு அமைப்பு முன்பணம் செலுத்தும் அட்டை வைத்து மணிக்கணக்கில் தண்ணீர் விற்கும் இடத்தில் வேறு பொருள் கொள்கிறது. குழாயும் மண்ணும் நெல்லும் ஒன்றுதான். மாறியது கட்டணம்.

இதை ஒரு மண்ணியல் அறிஞர் தனியாகக் கண்டுபிடித்திருக்க முடியாது. குழாய் நன்றாக வேலை செய்கிறது, ஆனால் விவசாயி எடுத்துக்கொள்ளவில்லை என்று அறிக்கை எழுதி முடித்திருப்பார். பொருளாதாரம் படித்தவர் கூட இருந்ததால், பம்புக்காரரும் பேச அழைக்கப்பட்டதால்தான் கேள்வி "எப்படிப் புரிய வைப்பது" என்பதிலிருந்து "யார் பணம் கொடுக்கிறார்கள்" என்று திரும்பியது. கூட்டு ஆராய்ச்சி என்ற சொல்லுக்கு என் கணக்கில் பொருள் இதுதான்: கூட இருப்பவர் உங்கள் கேள்வியையே மாற்றிவிடக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமும் ஒரு நாள் வயல்விழாவும் அதற்கு ஈடாகாது.

இந்தக் கண்ணோடு நம் பக்கம் திரும்பினால் எரிச்சலூட்டும் சில உண்மைகள் தெளிகின்றன. தமிழ்நாட்டில் விவசாயப் பம்புக்கு 1990இலிருந்து மின்சாரம் இலவசம். ஓடாத மணி நேரத்துக்கு ரூபாயில் மதிப்பில்லை. அதற்காக இலவசத்தை நீக்கு என்பது என் வாதம் அல்ல. சிறு விவசாயியின் கழுத்தில் கத்தி வைத்துத் தண்ணீர் மிச்சம் பிடிக்க வேண்டியதில்லை. மும்முனை மின்சாரம் குறிப்பிட்ட நேரம்தான் வருகிறது என்ற இடத்தில், மிச்சமான நேரம் இன்னொரு அரை ஏக்கருக்குப் பாய்கிறது என்று காட்டினால் அவருக்கு அதுவே கூலி. வங்கதேசத்துக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது, இங்கே உள்ள கணக்கை இங்கே உள்ளவர்களோடு உட்கார்ந்துதான் போட வேண்டும். அப்படிச் செய்த முன்மாதிரி நம்மிடமே உண்டு. ஒற்றை நாற்று நடவை நம் பல்கலைக்கழகம் சோதித்தபோது, காவிரிப் படுகையில் நூறு, தாமிரபரணிப் படுகையில் நூறு என்று விவசாயிகளின் வயல்களிலேயே ஒப்பிட்டுப் பார்த்தது. 2007இல் தொடங்கிய நீர்வள நிலவளத் திட்டம் பொதுப்பணித் துறையையும் வேளாண் துறையையும் பல்கலைக்கழகத்தையும் 63 உபவடிநிலங்களில் (கிளை ஆற்றுப் படுகைகளில்) சேர்ந்து வேலை செய்ய வைத்தது. பல விவசாயிகள் ஒற்றை நாற்று நடவு முறையை முழுதாக எடுக்காமல், வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். தோல்வி என்று அதை எண்ணுவது பிழை. எதை விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்பதே அடுத்த ஆராய்ச்சிக்கான தலைப்பு.

வாய்க்காலில் வரும் சந்தேகம்

பம்பு உள்ளவருக்குக் குழாய் போதும். வாய்க்காலை நம்பியவருக்கு அது போதாது. குழாய் "இன்னும் மூன்று நாள் பொறு" என்று சொல்லலாம். ஆனால் மூன்று நாள் கழித்து வாய்க்காலில் தண்ணீர் வருமா என்று அது சொல்லாது. தன் முறை தப்பிவிட்டால் பயிர் போகும் என்ற பயம் இருக்கிறவரை, வந்த அன்றே வரப்பு முட்டக் கட்டுவதுதான் புத்திசாலித்தனம். தலைமடைக்காரர் ஊதாரி என்று கடைமடைக்காரர் திட்டுவதில் பாதி இந்தச் சந்தேகத்தின் விளைவு. பிலிப்பைன்ஸின் போஹோல் தீவில் இதைத் தலைகீழாகப் பிடித்தார்கள். தனித்தனி விவசாயியிடம் காயவிடு என்று சொல்வதற்குப் பதில், பாசன நிர்வாகமே தண்ணீர் விடும் முறையைக் காய்ச்சலுக்கும் பாய்ச்சலுக்கும் ஏற்ப அமைத்தது. அணைத் தண்ணீர் எட்டாமல் சண்டையில் இருந்த கடைமடைக்கும் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. அங்கே தண்ணீரை மிச்சம் பிடித்தது, தேதி தவறாமல் வந்த மடைத் தண்ணீர்.

வயலில் மிச்சமானதெல்லாம் படுகையில் மிச்சம் ஆகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். வயலில் கீழே இறங்கும் தண்ணீர், பக்கத்துக் கிணற்றில் ஊறி மறுபடி பயிருக்கு வரும் இடத்தில், மேலே குறைத்தால் கீழே ஊற்று குறையும். நிலத்தடி நீர் உப்பாகிவிட்ட கடலோரத்தில் இறங்கியது இறங்கியதுதான். அங்கே, மேலே உள்ள வயல்களில் குறைப்பது முழு லாபம். ஆக ஒரே 23% ஓரிடத்தில் உண்மையான மிச்சம், வேறிடத்தில் கணக்கில் மட்டும் மிச்சம். புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு விஷயத்திலும் இதே கவனம் தேவை. பருவத்தில் பல முறை காயவிட்டால் வயலிலிருந்து கிளம்பும் மீத்தேன் கிட்டத்தட்டப் பாதியாகிறது, ஆனால் புவியைச் சூடாக்கும் இன்னொரு வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு கூடுகிறது. மேலே சொன்ன யூரியா ஒழுங்கு இங்கே இரண்டாம் முறை உதவுகிறது. கார்பன் வரவு (வாயு குறைந்ததைக் கணக்கிட்டு விற்கும் சான்று) என்ற பெயரில் இப்போது வயலுக்கு வருகிறவர்கள், யார் எப்போது குழாயைப் பார்த்தார்கள் என்ற குறிப்பு இல்லாமல் எண்களை எழுதிக்கொண்டு போனால், அந்த எண்ணை நான் நம்பமாட்டேன்.

டெல்டாவில் செய்து பார்க்க வேண்டியதென்று எனக்குத் தோன்றுவது பெரிய திட்டம் அல்ல. ஒரே மடையின் கீழ், தலையில் மூன்று வயல், நடுவில் மூன்று, கடையில் மூன்று. ஒன்பது குழாய். பார்ப்பது விவசாயிகள், மடை திறந்த நாளையும் மூடிய நாளையும் எழுதுவது பாசனத் துறையின் மடைக் காவலரான லஸ்கர், மண்ணையும் கிணற்று மட்டத்தையும் எழுதுவது ஆராய்ச்சி நிலையம். மூன்று நோட்டும் வாரம் ஒரு நாள் ஒரே திண்ணையில் விரிக்கப்பட வேண்டும். முதல் குறுவையில் யாரையும் தண்ணீர் குறைக்கச் சொல்ல வேண்டாம். குழாய் 15 செ.மீ. தொட்ட தேதியையும், அந்த வயலுக்கு அடுத்த தண்ணீர் வந்து சேர்ந்த தேதியையும் ஒன்பது வயலிலும் எழுதி வந்தால் போதும். கடையில் உள்ள மூன்று வயல்களில் இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையே எத்தனை நாள் என்பது தெரிந்த பிறகு, தலைமடையில் போய்ப் பேச ஆரம்பிக்கலாம்.